கிளவுட் யாரைக் காதலிக்கிறான் என்று ஒரு விக்கி சொல்லலாமா?

1997 ஜனவரியில் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 விளையாட்டுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. விளையாடுபவர் கண்ணுக்கு அது தெரியாது. நாயகன் கிளவுடோடு பயணம் செய்பவர்களில் நான்கு பேருக்கு மட்டும் ஆளுக்கொரு மதிப்பெண் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் ஏரித்துக்கு 50, டிஃபாவுக்கு 30, யூஃபிக்கு 10, பாரெட்டுக்கு 0. கிளவுடை என்ன பதில் சொல்ல வைக்கிறோம், ஆரம்பத்தில் தெருவில் வாங்கும் பூவை யாரிடம் கொடுக்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்து அது ஏறும், இறங்கும். கோல்டு சாசர் என்ற கேளிக்கைப் பூங்காவில் ஓர் இரவு தங்க நேரும்போது, யாருடைய மதிப்பெண் அதிகமோ அவர் கிளவுடின் அறைக்கு வந்து வெளியே கூப்பிடுவார். இருவரும் தொங்குவண்டியில் ஏறி வாணவேடிக்கை பார்ப்பார்கள்.

ஆக, ஒரே வீட்டில் அக்கா விளையாடும்போது ஏரித் வருவாள், தம்பி விளையாடும்போது டிஃபா வருவாள். யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, யார் சொல்வதும் பொய்யில்லை. இப்போது ரசிகர்கள் கூடி எழுதும் விக்கியில், அன்றிரவு கிளவுட் யாரோடு வெளியே போனான் என்பதை ஒரே வரியில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? நான் அப்படியொரு விக்கியில் பல வருடங்களாகத் தொகுத்துவருகிறேன். அந்த ஒரு வரிக்காக நடந்த சண்டைகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததில், நடுநிலை என்றால் என்ன என்பது பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உருவாகியிருக்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்காக: கதையில் வரும் இரண்டு பேர் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த ஜோடிக்காகக் கதை எழுதி, படம் வரைந்து, வாதாடுவதைத்தான் ஷிப்பிங் என்கிறார்கள். 1990களில் எக்ஸ் ஃபைல்ஸ் தொடரின் ரசிகர்கள், மல்டரும் ஸ்கல்லியும் காதலர்களாக வேண்டுமா கூடாதா என்று இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். வேண்டும் என்றவர்களுக்கு ஷிப்பர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் எந்தத் தொடரும் இதற்குத் தப்பவில்லை. நம் விளையாட்டில் கிளவுட்-டிஃபா ஜோடிக்காரர்கள் க்ளோட்டி, கிளவுட்-ஏரித் ஜோடிக்காரர்கள் க்ளெரித். கால் நூற்றாண்டு தாண்டியும் இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை.

இந்தச் சண்டை எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். விக்கிக்கு ஏன் வருகிறது என்றால், விக்கி வாக்கியத்துக்குக் குரல் கிடையாது. "எனக்குத் தோன்றுகிறது" என்று ஒருவர் ட்விட்டரில் எழுதினால் அது அவருடைய கருத்து. அதே விஷயத்தை விக்கியில் "கிளவுட் அவளை ஆழமாக நேசித்தான்" என்று எழுதிவிட்டால், எழுதியவர் காணாமல் போய்விடுகிறார், தகவல் மட்டும் நிற்கிறது. பிறகு அதைப் படம் பிடித்து, "பாருங்கள், விக்கியே சொல்கிறது" என்று எதிரணியின் முகத்துக்கு நேரே நீட்டலாம். காலையில் உள்ளே நுழைத்த வரியை மாலையில் ஆதாரமாகக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விக்கி உரையைப் பெரும்பாலும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிடுகிறார்கள். அதனால் அந்த வரி வேறு தளங்களுக்கும் தேடுபொறியின் பதில் பெட்டிக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் அடுத்த நாள் நீக்கினாலும் அங்கெல்லாம் அது அப்படியே இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், பக்கச்சார்பு என்றால் யாராவது "டிஃபாதான் உண்மையான காதலி" என்று கொட்டை எழுத்தில் எழுதுவார்கள் என்று நினைப்பார்கள். அதைச் சமாளிப்பது சுலபம். ஒரு சொடுக்கில் மீளமைத்து, பழைய வடிவத்துக்கே திருப்பிவிடலாம். நிஜமான சார்பு வினையடையில் வந்து உட்காரும். "கிளவுட் அவள் கையைப் பிடித்தான்" என்ற வரி ஒரு நாள் "மென்மையாகப் பிடித்தான்" ஆகும். இன்னொரு பக்கத்தில் "டிஃபா கவலையோடு பார்த்தாள்" என்பது "பொறாமையோடு பார்த்தாள்" ஆகும். என்ன மாற்றினோம் என்று சொல்லும் தொகுப்புச் சுருக்கத்தில் "நடையைச் சரிசெய்தேன்" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆறு மாதத்து வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் பக்கத்தின் முகமே மாறியிருக்கும். படத்தேர்விலும் இதே கதைதான். ஒரே காட்சியில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கும் கணத்தையும் எடுக்கலாம், ஆளுக்கொரு திசை பார்க்கும் கணத்தையும் எடுக்கலாம்.

அடுத்தது மேற்கோளை வெட்டுவது. இதை ஒரு உதாரணத்தோடு காட்டினால்தான் புரியும்.

விளையாட்டின் கடைசிப் போர் முடிந்ததும் கிளவுட், தான் தேடும் இடத்தில் அவளைச் சந்திக்க முடியும் என்று நினைப்பதாகச் சொல்கிறான். மூன்று டிஸ்க்கில் வந்த விளையாட்டின் முதல் டிஸ்க் முடிவில், வில்லன் செஃபிராத்தின் வாளுக்குப் பலியான ஏரித்தைத்தான் சொல்கிறான். உடனே டிஃபா, ஆமாம், போய்ச் சந்திப்போம் என்கிறாள். அவ்வளவுதான், இரண்டே வசனம். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஏரித் கட்டுரையில் கிளவுட் பேசியது மட்டும் இருந்தது, டிஃபாவின் பதில் இல்லை. படிப்பவர், அவன் தன்னந்தனியாக அவளைத் தேடிப் போகிறான் என்றே எடுத்துக்கொள்வார். கிளவுட்-டிஃபா உறவைப் பேசும் பகுதியிலோ டிஃபாவின் பதில் மட்டும், அவன் கேட்டதற்கு அவள் துணை நிற்கிறாள் என்ற விளக்கத்தோடு. யாரைச் சந்திக்கப் போகிறார்கள் என்பது அங்கே விடுபட்டிருந்தது. இரண்டு பக்கத்திலும் பொய்யாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இரண்டுமே படிப்பவரை ஏமாற்றின. தீர்வு எளிமையானது: இரண்டு இடத்திலும் இரண்டு வசனத்தையும் சேர்த்தே போடவேண்டும், விளக்கம் வேண்டாம். இதைச் செய்ததும் இரண்டு அணியும் எங்களைத் திட்டின. இரண்டு அணிக்கும் அந்தப் பாதி மட்டும் போதுமானதாக இருந்தது.

விளையாட்டுக் கதையின் தொடர்ச்சியாக 2005இல் வந்த அட்வென்ட் சில்ட்ரன் படத்திலும் இதே பாதிப் பாதி வேலை நடக்கும். கிளவுட், டிஃபா, குழந்தைகள் மார்லீன், டென்ஸெல் என நான்கு பேரும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். படம் தொடங்கும்போது கிளவுட் அந்த வீட்டை விட்டு விலகி, ஏரித் பூ வளர்த்த பாழடைந்த தேவாலயத்தில் தங்கியிருக்கிறான். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்துவிடச் சொல்லி ஒரு கூட்டம் வரும். இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு கூட்டம் வரும்.

சரி, அப்படியானால் சம அளவு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமே என்று பலர் யோசனை சொல்வார்கள். ஏரித்துக்கு நான்கு பத்தி, டிஃபாவுக்கு நான்கு பத்தி. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் ஒரே நேரம் ஒதுக்குவது நியாயம், ஏனென்றால் அங்கே பேச்சாளர்களைத்தான் நடத்துகிறார்கள். விக்கிப் பக்கம் கதையை விவரிக்க வந்தது. ஏரித் முதல் டிஸ்க்கின் முடிவிலேயே இறந்துபோகிறாள், டிஃபா கடைசிவரை வருகிறாள். கிளவுடின் சிதைந்த நினைவுகளை அவன் மனத்துக்குள்ளேயே நின்று சரிசெய்ய உதவுபவள் டிஃபா. அந்தப் பகுதிக்கு இடம் கூடத்தான் தேவைப்படும். அதற்காக ஏரித் பகுதியில் ஒப்புக்கு நான்கு வரி சேர்ப்பதும் பொய்தான். மறுபக்கம், ஏரித்தின் மரணம் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு கட்டத்தையும் தொடுகிறது. அவள் திரையில் வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு அந்தப் பகுதியைச் சுருக்குவதும் தவறு.

இன்னொரு தப்பு வழி, பூசி மெழுகுவது. "சில ரசிகர்கள் இப்படி நம்புகிறார்கள், வேறு சிலர் அப்படி நம்புகிறார்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்து எழுந்த பதினைந்து வயதுப் பையனுக்கு விளையாட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. ரசிகர்கள் இரண்டு கட்சி என்பது மட்டும் தெரியும். விக்கியின் வேலை அதுவல்ல.

எனக்குச் சரியென்று படுவது ஒன்றுதான். கதை எந்த அளவுக்குச் சொல்கிறதோ அந்த அளவுக்கு எழுதவேண்டும். கதை நிபந்தனையோடு சொன்னால் நிபந்தனையோடு, தீர்த்துச் சொன்னால் தீர்த்து. கோல்டு சாசர் இரவைப் பற்றி எழுதும்போது, மறைவாக ஒரு மதிப்பெண் இருக்கிறது, நான்கு பேரில் யாருக்கு அதிகமோ அவர் வருவார், தொடக்க மதிப்பில் ஏரித் முன்னே இருக்கிறாள் என்று எழுதவேண்டும். கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்லி டிஃபா அணியிலிருந்து கோரிக்கை வந்தது, அது உண்மை என்பதால் நீக்கவில்லை. அந்த 50-ஐ வைத்து "ஆகவே ஏரித்தான் படைப்பாளிகளின் தேர்வு" என்று ஒட்ட வந்த வரியையும் உள்ளே விடவில்லை, அது எங்கும் சொல்லப்படவில்லை. இறுதிப் போருக்கு முந்தைய இரவு, ஹைவிண்ட் என்ற வான்கப்பலுக்குக் கீழே கிளவுடும் டிஃபாவும் மட்டும் இருக்கும் காட்சிக்கும் இரண்டு வடிவம் உண்டு. டிஃபாவின் மதிப்பெண் கூடியிருந்தால் நெருக்கமான வடிவம், குறைந்திருந்தால் சற்று விலகிய வடிவம். ஒன்றை மட்டும் எழுதி இன்னொன்றை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது சார்பு. இரண்டு வடிவத்திலும் அந்த இரவு அவனோடு இருப்பது டிஃபாதான் என்பதை மறைப்பதும் அதே அளவு சார்பு.

நிபந்தனை இல்லாத கதைக்கு அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் நல்ல உதாரணம். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் ஓடிய தொடர். கட்டாராவும் ஸூக்கோவும் சேரவேண்டும் என்று விரும்பியவர்கள் ஒரு பெரும் படை. இரண்டாம் பருவத்தின் முடிவில் பா சிங் சே நகருக்கு அடியில் அந்த இருவரும் சிறைப்பட்டிருக்கும்போது கட்டாரா ஸூக்கோவின் தழும்பைத் தொட்டு, தன்னிடமுள்ள நீரால் அதைக் குணப்படுத்த முயலலாம் என்கிறாள். கடைசி அத்தியாயங்களில் ஸூக்கோவின் தங்கை அஸூலா கட்டாராவை நோக்கி விட்ட மின்னலின் குறுக்கே பாய்ந்து ஸூக்கோ அதைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறான். இரண்டும் நடந்தவை, முழுதாக எழுதப்படவேண்டியவை. ஆனால் தொடர் முடிவது நாயகன் ஆங்கும் கட்டாராவும் முத்தமிடுவதில். 2012இல் தொடங்கிய அடுத்த தொடரில் அவர்களுக்கு மூன்று பிள்ளைகள், அதில் டென்ஸின் முக்கியப் பாத்திரம். இங்கே போய் "கட்டாராவின் காதல் பற்றி மாறுபட்ட கருத்துகள் உள்ளன" என்று எழுதினால் அது கோழைத்தனம். கதை தீர்த்துவிட்டது, விக்கியும் தீர்த்தே எழுதவேண்டும். ஸூக்கோ அணியினர் எழுதிய கதைகளும் வரைந்த படங்களும் ரசிகர் உலகின் வரலாற்றில் பெரிய இடம் பிடித்தவை. ரசிகர் சமூகத்தைப் பற்றிய பக்கத்தில் அவற்றுக்கு மரியாதையான இடம் வேண்டும். கட்டாராவின் வாழ்க்கைக் குறிப்பில் அல்ல.

படைப்பாளியின் பேட்டியை என்ன செய்வது? இதில் ஹாரி பாட்டர் விக்கிக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் பாடம். 2007இல் வந்த கடைசி நாவலின் பின்னுரையில் ரானும் ஹெர்மயனியும் பிள்ளைகளை ரயிலேற்ற வருகிறார்கள். 2014இல் வொண்டர்லேண்ட் இதழில் எம்மா வாட்சன் எடுத்த பேட்டியில், அந்த ஜோடியைத் தன் சொந்த ஆசைக்காகத்தான் சேர்த்தேன், இலக்கியக் காரணம் மிகக் குறைவு என்ற பொருளில் ரௌலிங் பேசினார். ஹாரி-ஹெர்மயனி அணிக்கு அது பெரிய ஆயுதம். என் நிலைப்பாடு இதுதான்: பேட்டி முக்கியமான ஆவணம். யார், எங்கே, எப்போது சொன்னார் என்பதோடு "உருவான விதம்" பகுதியில் அதைப் பதியவேண்டும். ஆனால் அதற்காக ரயில் நிலையக் காட்சியில் ஒரு எழுத்துகூட மாறாது. ஃபைனல் ஃபேன்டஸி பக்கத்திலும் இதையேதான் பிடித்துக்கொண்டேன். துணைக் கையேட்டில் வந்த ஒரு வரியைக் கொண்டுவந்து கதைச்சுருக்கத்துக்குள் கலக்க முயன்றால், அந்தக் கையேட்டின் பெயரைச் சொல்லித் தனியாகப் போடச் சொல்வேன்.

ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐப் புதிதாக உருவாக்கும் ரீமேக் வரிசையின் இரண்டாம் பாகமான ரீபர்த் 2024 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தபோது பழைய சண்டை புது வேகம் எடுத்தது. 2020இல் முதல் பாகமாக வந்த ரீமேக்கிலேயே பதினான்காம் அத்தியாயத்தில், இரவுத் தோட்டத்தில் ஏரித், டிஃபா, பாரெட் மூவரில் ஒருவரோடு ஒரு காட்சி வரும்படி வைத்திருந்தார்கள். ஏரித் வரும் காட்சியில் அவள், என் மேல் காதல் கொள்ளாதே என்று கிளவுடிடம் சொல்வாள். டிஃபா வரும் காட்சியில் அவன் அவளை அணைத்துக்கொள்வான். ரீபர்த்தில் கோல்டு சாசர் இரவு திரும்ப வந்தது. டிஃபாவோடு நெருக்கம் உச்சத்தில் இருந்தால் அந்த இரவில் இருவரும் முத்தமிடுகிறார்கள். வெளியான சில நாட்களிலேயே பக்கத்தில் "கிளவுடும் டிஃபாவும் முத்தமிடுகிறார்கள்" என்ற வரி நிபந்தனை இல்லாமல் ஏறியது. எதிரணி அதை மொத்தமாக நீக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி போனது. விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம் என்ற விதி உண்டு. எங்கள் விக்கியும் அதை எடுத்து வைத்திருந்ததால், அதில் சிக்காமலிருக்கப் புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள் வரிசையாக வந்தார்கள். நிர்வாகிகள் பக்கத்தைக் கொஞ்ச நாள் பூட்டினார்கள்.

பூட்டியிருந்த நாட்களில், கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நடந்ததுதான் நான் இந்த வேலையில் இன்னும் இருப்பதற்குக் காரணம். ஏரித் அணியில் மிகத் தீவிரமாக இருந்த ஒருவர், முத்தக் காட்சி எந்த நிபந்தனையில் வருகிறது என்பதை ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப விளையாடிப் பார்த்து எழுதிவைத்தார். எந்தப் பதிலைத் தேர்ந்தால் எந்த வடிவம், உச்சத்துக்குக் கீழே இருந்தால் என்ன மாறுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. தன் ஜோடிக்கு எதிரான காட்சியை அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் எழுதித்தரவில்லை. இன்று கட்டுரையில் இருக்கும் பத்தி பெரும்பாலும் அவருடைய வரிகள்தான். ஷிப்பர்களை விக்கியிலிருந்து விரட்டவேண்டும் என்று சொல்பவர்களிடம் நான் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். ஒரு காட்சியை நூறு தடவை பார்ப்பது அதை நேசிப்பவர் மட்டுமே. அந்த அக்கறை இல்லாதவர் எழுதிய பக்கங்களில் தேதி தப்பாக இருக்கும், யார் எந்த அறையில் நின்றார் என்பதே தப்பாக இருக்கும். நேசம் இருக்கட்டும். அதோடு, எதிரணிக்காரர் படித்தாலும் "ஆமாம், இப்படித்தான் நடந்தது" என்று ஒப்புக்கொள்ளும்படி வாக்கியத்தை எழுதவும் வேண்டும். அப்படி எழுதப்பட்ட வரியை இரண்டு அணியும் சேர்ந்து காவல்காக்கும், நிர்வாகிக்கு வேலையே இருக்காது.

பேச்சுப் பக்கத்தில் நான் யாரிடமும் "நீங்கள் சார்பாக எழுதுகிறீர்கள்" என்று தொடங்குவதில்லை. அப்படித் தொடங்கினால் அடுத்த பதில் நிச்சயம் "நீங்கள் அந்த அணிதானே" என்றுதான் வரும். எந்தக் காட்சி, எந்த இடம், திரையில் தெரிவது என்ன, இது மூன்றையும் மட்டும் கேட்பேன். "பொறாமையோடு" என்ற சொல்லுக்குத் திரையில் எது ஆதாரம் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் தாங்களே எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுப்பவர்கள், அவள் கண்ணைப் பாருங்கள் என்பார்கள். சில சமயம் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கும். அப்போதும் "தலையைத் திருப்பிக்கொள்கிறாள்" என்று எழுதலாம். பொறாமையா இல்லையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

இன்னும் முடியாத தகராறுகள் உண்டு. பாத்திரத்தின் விவரங்களைச் சுருக்கமாகப் பட்டியலிடும் தகவல் பெட்டியில் "காதல் துணை" என்றொரு கட்டம் வைத்திருந்தோம். அதை எடுத்துவிடவேண்டும் என்று நான் வெகுநாளாகச் சொல்லிவருகிறேன். நிபந்தனையோடு நடக்கும் ஒரு கதையை இரண்டு சொல் கட்டத்துக்குள் நேர்மையாக அடைக்கவே முடியாது. வாசகர்கள் முதலில் தேடுவது அதைத்தான், எடுத்தால் வெறும் பெயரும் வயதும் மிஞ்சும் என்பது மறுதரப்பு வாதம். அதிலும் பொருள் இல்லாமல் இல்லை. ரீமேக் வரிசையின் மூன்றாம் பாகம் வருவதற்குள் இதை முடிக்கவேண்டும் என்று பேச்சுப் பக்கத்தில் ஒரு தலைப்புத் திறந்திருக்கிறோம். டிஃபா அணியிலிருந்தும் ஏரித் அணியிலிருந்தும் இதுவரை வந்த கருத்துகளில், கட்டத்தை எடுத்துவிடலாம் என்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.